நாற்காலி போடாத ஆள்

அத்தியாயம் 6

"கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்" என்றாள் எழிலரசி. காலையிலிருந்து அது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் அவள் படிக்கிற கல்லூரியில் சொன்னது. நாலாவது, சி.டி.எச். ரோட்டில், ஆவடி மார்க்கெட் நெரிசலில், இருதயராஜின் ஆட்டோவுக்குள் சொன்னது.

ஹாரனை அமுக்கிக்கொண்டே கண்ணாடியில் அவளைப் பார்த்த இருதயராஜுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. மூக்கைச் சிந்திச் சிந்தி ஆட்டோ சீட்டை நாசம் பண்ணுகிற ஆட்களை அவன் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தவன். இவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கோபம் மட்டும் கழுத்து வரைக்கும் இருந்தது.

பக்கத்தில் மங்களம் மேடம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். புறநகர் ரயிலில் இருபத்தெட்டு வருடம் டிக்கெட் பரிசோதகராகக் குப்பை கொட்டிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பேட்டரி கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். டிக்கெட் இல்லாதவனை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், டிக்கெட்டை வைத்துக்கொண்டே பயப்படுகிறவனைப் பார்த்தால்தான் கதை கிடைக்கும் என்பார். அவருக்கு உதவியாளன், டிரைவர், வாய் மூன்றுமே இருதயராஜ்தான்.

எழிலரசி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ பட்டாபிராம் ரயில்வே கேட்டைத் தொட்டுவிட்டது.

கல்லூரியில் 'தோழமை' என்று ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். படிப்பில் தடுமாறுகிறவர்கள், வீட்டில் பிரச்சினை உள்ளவர்கள், யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளுக்குள்ளேயே வேகிறவர்கள் எல்லோரும் அதில் வட்டம் வட்டமாகச் சேர்ந்து பேசிக்கொள்ளலாம். எழிலரசி நடத்துகிற வட்டத்துக்குப் 'பேச்சுத்துணை' என்று பெயர். மொத்தம் பன்னிரண்டு பெண்கள். எல்லோருக்கும் பூப்பெயர்தான். செம்பருத்தி யார், நந்தியாவட்டை யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. நிஜப்பெயர் தெரிவது தலைவியின் போனில் மட்டும். தலைவி எழிலரசி.

பத்து நாளைக்கு முன்னால் செம்பருத்தி அதில் மனதைக் கொட்டியிருக்கிறாள். தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம், எனக்கு இஷ்டமில்லை, வீட்டுக்குத் தெரியாமல் மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக்குப் படிக்கிறேன் என்று. அதற்கு நாலாவது நாள், அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்துக் கலர் பிரிண்ட் போட்டு, ஒரு வெள்ளைக் கவரில் வைத்து, செம்பருத்தியின் வீட்டுக் கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். படத்தில் செம்பருத்தி என்று இல்லை. அகல்யா என்று நிஜப்பெயரே இருந்தது. அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, பெண்ணின் படிப்பை நிறுத்தி, போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

நிஜப்பெயர் உன் போனில் மட்டும்தானே தெரியும், அப்போது நீதான் என்று கல்லூரி முடிவு கட்டிவிட்டது. அறிவிப்புப் பலகையில் அவள் பெயரைப் போட்டு, சக மாணவியின் ரகசியத்தை வெளியிட்டதாகத் தற்காலிக நீக்கம் என்று ஒட்டிவிட்டார்கள். இன்று மூன்றரைக்கு விசாரணை. தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஒரு செமஸ்டரோடு போகும். போடாவிட்டால் மொத்தமாக வெளியே. அவள் கடைசி வருடம். வீட்டில் பட்டப்படிப்பை எட்டிப் பார்க்கிற முதல் ஆள்.

"அங்க யாருமே உன் பக்கம் பேசலையா?" என்று மங்களம் கேட்டார்.

மாணவர் ஆலோசகர் சுரேகா மேடம் மட்டும் அன்பாகப் பேசியதாக எழிலரசி சொன்னாள். தனியாகக் கூப்பிட்டு, ஜூஸ் வாங்கிக் கொடுத்து, பிடிவாதம் வேண்டாம் கண்ணு, போட்டுட்டு வெளியே வா, மற்றதை நான் பார்த்துக்கறேன் என்றாராம்.

"தங்கமான மன்சி" என்றான் இருதயராஜ். "நீ ஏம்மா போடல?"

"நான் பண்ணலண்ணா. பண்ணாத தப்புக்குக் கையெழுத்து போட்டா, அகல்யா சாவுற வரைக்கும் நான்தான் பண்ணேன்னு நெனப்பா. டிகிரி போனா போகட்டும்."

இருதயராஜ் கேட்டைத் தாண்டி ஆட்டோவை முறுக்கினான்.

அகல்யாவின் வீடு புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அப்பா இளங்கோ, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறவர். எழிலரசியைக் கண்டதும் கதவைச் சாத்தப் போனார். மங்களம் செருப்புக் காலை வாசற்படியில் வைத்தார். ஓடுகிற ரயிலில் ஏறிப் பழகிய கால், அசையவில்லை.

"சார், உங்க பொண்ணு எழுதினதை உங்க கதவுல செருகினவங்களுக்கு, மாப்பிள்ளை வீட்டுக் கதவு எதுன்னு கண்டுபிடிக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

இளங்கோவின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கோணத்தில் மனுஷன் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. உள்ளே போய்க் கவரை எடுத்து வந்து நீட்டினார். பின்னால் ஒரு கதவிடுக்கில் அகல்யா நின்றிருந்தாள். எழிலரசி அவளைப் பார்த்தாள். அகல்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படத்தை மாடிப்படியில் உட்கார்ந்து மங்களம் பார்த்தார். அகல்யாவின் பெயர், கீழே அவள் எழுதிய எட்டு வரி, அதற்கும் கீழே சின்னதாக ஒரு நாற்காலிப் படம். பக்கத்தில் 11 என்று எண்.

"இது என்ன நாற்காலி?"

அது அவர்கள் வட்டத்தின் வழக்கம் என்றாள் எழிலரசி. மனதைக் கொட்டுகிறவளுக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது, அழாதே என்றும் சொல்லக் கூடாது. படித்ததும் ஆளுக்கொரு நாற்காலி போட வேண்டும். உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் போடும் வரை அவள் விடமாட்டாள், தனித்தனியாக நினைவுபடுத்துவாள். தான் எழுதியதற்குத் தானே போட்டுக்கொள்ள ஆப் விடாது. அதனால் பன்னிரண்டு பேரில் அகல்யா போக, பதினொன்று.

"உன் போன்ல இதே பக்கத்தைக் காட்டு."

எழிலரசி காட்டினாள். அதே எட்டு வரி, அதே நாற்காலி, அதே 11. மங்களம் பிரிண்டைப் போன் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த கடலைத்தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"இருதயம், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

இருதயராஜ் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். போனில் நாற்காலியைச் சுற்றி மஞ்சள் வளையம். பிரிண்டில் வளையம் இல்லை, வெறும் சாம்பல் நிறம். கலர் பிரிண்ட்டில் பாக்கி எல்லாக் கலரும் அப்படியே இருந்தது.

"அது நான் போட்டதால" என்றாள் எழிலரசி. "நாம போட்டிருந்தா நம்ம போன்ல மட்டும் மஞ்சளா தெரியும்." சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்போ இந்தப் படத்தை எடுத்த ஆள் நாற்காலி போடலை" என்றார் மங்களம்.

இருதயராஜ் சும்மா விடுவானா? "தோ பாரு மேடம், போட்டுகீற நாற்காலிய எடுத்துட்டு, படம் புட்சிகினு, திருப்பிப் போட்டுக்கினா? இத்தயே காலேஜ்ல கேப்பாங்கோ."

"எடுத்திருந்தா எண் பத்துன்னு இருக்கும். படத்துல பதினொண்ணு இருக்கு. பதினொரு பேரும் உட்கார்ந்திருக்காங்க. அகல்யாவால போட முடியாது, அவளே வெளியிட்டுக்கவும் மாட்டா. அந்தப் பன்னிரண்டு பேர்ல ஒருத்தரும் இதை எடுக்கலை. இன்னும் ஒரு ஆள் உள்ள இருக்கு, இருதயம். எல்லார் நிஜப்பெயரும் தெரிஞ்ச ஆள். எக்ஸ்பிரஸ் வண்டியில டிக்கெட் இல்லாம கக்கூஸ் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஆள்."

இரண்டு வருடமாகப் பெண்கள் அங்கே என்னென்னவோ கொட்டியிருக்கிறார்கள். அத்தனையையும் ஓர் ஆள் பேசாமல் உட்கார்ந்து படித்திருக்கிறது. படுபாவி என்று எழிலரசி பல்லைக் கடித்தாள்.

ஆனால் உறுப்பினர் பட்டியலில் பன்னிரண்டுதான் காட்டுகிறது. மறைந்திருக்கிற ஆளை எப்படி வெளியே இழுப்பது? மங்களம் சம்பந்தமே இல்லாத மாதிரி ஒன்று கேட்டார். இவளை எப்படித் தலைவி ஆக்கினார்கள்?

யாரும் ஆக்கவில்லை என்றாள் எழிலரசி. முன்னால் கிருஷ்ணப்பிரியா என்கிற சீனியர் அக்கா தலைவியாக இருந்தாள். படிப்பு முடிந்து அவள் வட்டத்தை விட்டு வெளியேறியதும், உறுப்பினர் பட்டியலில் மிச்சம் இருப்பவர்களில் யார் பழைய ஆளோ அவருக்குத் தலைமை தானாகப் போய்விடும். அப்படித்தான் இவளுக்கு வந்தது. ஆளே இல்லாமல் போனால் வட்டம் தானாக அழிந்துவிடும்.

மங்களத்தின் முகத்தில், கூட்டத்துக்குள் நழுவப் பார்க்கிறவனைக் கண்டுபிடித்துவிட்ட பழைய சிரிப்பு வந்தது. சரியாக நாலு மணிக்குப் பன்னிரண்டு பேரும் வெளியேற வேண்டும், இவள் கடைசியாக, என்றார். அதை ஆப்பில் எழுதிவிடாதே, அந்த ஆளும் படிக்கும். ஒவ்வொருத்தியையும் போனில் கூப்பிட்டுச் சொல்.

எழிலரசி தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போய் நின்று பத்துப் பேருக்கும் பேசினாள். எதற்கு அவ்வளவு தூரம் என்று இருதயராஜ் கேட்டதற்கு, அவங்க பேர் உங்களுக்கும் தெரியக் கூடாதுண்ணா என்றாள். அவனுக்கு ரோஷம் வந்தது. அப்புறம் மரியாதை வந்தது.

பதினோராவது ஆள்தான் வம்பு. அகல்யாவின் போன் அப்பாவிடம். அவள் உள்ளேயே இருந்துவிட்டால் தலைமை அவளுக்குப் போய்விடும், ஒளிந்திருப்பது யார் என்று கடைசிவரை தெரியாது. மங்களம் மறுபடி மூன்று மாடி ஏறினார். நாலு மணிக்கு ஒரே ஒரு நிமிடம் பெண்ணின் கையில் போனைக் கொடுங்கள், கவர் வைத்தது யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும் என்று இளங்கோவிடம் சொல்லிவிட்டு வந்தார். மனுஷன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஆவடி தாண்டி, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி ரோட்டில் ஆட்டோ பறந்தது. ஒளிந்திருப்பது கல்லூரி முதல்வர் பரந்தாமன்தான், வேறு ஆளே இல்லை என்று இருதயராஜ் சத்தியம் பண்ணினான். மீசையைப் பார்த்தாலே தெரிகிறதாம். அவன் இன்னும் அந்த மீசையைப் பார்க்கவில்லை என்று மங்களம் ஞாபகப்படுத்தினார்.

பெற்றோரோ பாதுகாவலரோ ஒருவர் உடன் வரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. எழிலரசியின் அம்மா ஏற்றுமதி தையல் கம்பெனியில் ஷிப்டை விட்டு வர முடியாமல், மங்களத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நீங்கள் யார் என்று வாசலில் இருதயராஜைக் கேட்டார்கள். தாய்மாமன் என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

பரந்தாமனுக்கு நிஜமாகவே பெரிய மீசை. இருதயராஜ் மங்களத்தைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினான். பக்கத்தில் சுரேகா மேடம், வெளிர் நீலக் காட்டன் புடவை, முகம் முழுக்கக் கவலை. வெயிலில் வந்தீர்களா என்று கேட்டு அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தது அந்த அம்மாள்தான்.

மேஜைமேல் கடிதம் தயாராக இருந்தது. பேனாவும் திறந்தே இருந்தது.

மங்களம் பிரிண்டை எடுத்து வைத்து, வளையமில்லாத நாற்காலியைப் பற்றி நாலே வாக்கியத்தில் சொன்னார். பரந்தாமன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்காலியை எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டிருக்கலாமே என்று கேட்டார். இருதயராஜுக்கு உடம்பு புல்லரித்தது, பதிலை அவனே முந்திக்கொண்டு சொன்னான். முதல்வர் மீசையை நீவிக்கொண்டார். பட்டியலில் பன்னிரண்டு பேர்தானே, அப்படியானால் இன்னொரு ஆள் எங்கே என்றார்.

"ஆப்ல மறைஞ்சிருக்கிற வசதியெல்லாம் கிடையாது சார்" என்றார் சுரேகா மென்மையாக. எழிலரசி பக்கம் திரும்பினார். "கண்ணு, எதுக்கு இதெல்லாம்? போட்டுடும்மா."

"போட மாட்டேன் மேடம்."

மணி மூன்று ஐம்பத்தெட்டு. வட்டங்களின் பட்டியலைத் திறந்து, சார் போனையே சுவரிலிருந்த டிவியில் காட்டும்படி மங்களம் கேட்டார். எங்கள் போனில் காட்டினால் ஏதோ பண்ணிவிட்டோம் என்பீர்கள். தன்னிடம் மறைக்க எதுவும் இல்லை என்று பரந்தாமன் உடனே போட்டார். அவர் அப்படி உடனே போட்டது இருதயராஜுக்குக் கொஞ்சம் இடித்தது.

திரையில் வந்தது. பேச்சுத்துணை. உறுப்பினர் 12. தலைவர் எழிலரசி.

நாலு மணி. 11 ஆனது. பிறகு 9. பிறகு 8. 5, 4, 3. என்ன நடக்கிறது என்று பரந்தாமன் கேட்டார். வெளியேறுகிறார்கள் சார் என்றாள் எழிலரசி. 2 என்று வந்து எண் நின்றுவிட்டது.

ஒரு நிமிடம் போனது. மணி நாலு மூன்று ஆனது. பட்டாபிராமில் ஒரு அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார் என்று இருதயராஜுக்குப் புரிந்தது. கொடுய்யா, பெத்த பொண்ணுதானே என்று மனதுக்குள் கெஞ்சினான். சுரேகா நாற்காலியை நகர்த்தினார், ஏதோ வகுப்பு இருக்கிறது என்றார். உட்காருங்கள் என்றார் பரந்தாமன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மணி நாலு ஆறு. திரையில் 1.

எழிலரசி தன் போனை எடுத்தாள். இரண்டு வருடம் கட்டிக் காத்த இடம். பரீட்சைக்கு முந்தின நாள் கூட ஒருத்தியைத் தனியாக விட்டதில்லை. வெளியேறினால் அத்தனை பேச்சும் அவள் கையை விட்டுப் போய்விடும். அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

"சார், இப்ப நான் ஒருத்திதான் இருக்கேன். நான் போனா இந்த வட்டம் அழிஞ்சுடணும். விதி அதுதான். பாருங்க."

அழுத்தினாள்.

டிவி ஒரு தடவை மின்னியது. பட்டியல் திரும்ப வந்தது. பேச்சுத்துணை அழியவில்லை. உறுப்பினர் 0 என்று இருந்தது. அதற்குக் கீழே தலைவர் என்கிற இடத்தில் புதிதாக ஒரு பெயர்.

சுரேகா.

அதே நேரம் மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த சுரேகாவின் போன் டிங் என்றது. பரந்தாமன் கையை நீட்டித் திருப்பினார். 'வாழ்த்துகள், நீங்கள் இப்போது இந்த வட்டத்தின் தலைவர்' என்று ஆப் சந்தோஷமாக அறிவித்திருந்தது.

"ஆளே இல்லாத கட்சிக்குத் தலைவரு" என்றான் இருதயராஜ். குடித்த தண்ணீர் அவனுக்குக் கசந்தது.

ஆப் புதிதாக வந்தபோது சோதித்துப் பார்க்கக் கொடுத்த மேற்பார்வை அனுமதி அது, திருப்பிக் கொடுக்காமலே வைத்துக்கொண்டேன் என்றார் சுரேகா. பெற்றவர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் கவர் வைத்தேன், அந்தப் பெண்ணின் நல்லதுக்குத்தான், பழி இவள்மேல் விழும் என்று நினைக்கவில்லை, விழுந்த பிறகு ஒரு செமஸ்டரோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"நல்லதுக்குன்னா கவர் மேல உங்க பேரை எழுதியிருக்கலாமே மேடம்" என்றாள் எழிலரசி. "நான் அகல்யாகிட்டயே பேசியிருப்பேன். எனக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்தீங்களே, எப்படி மேடம் மனசு வந்துச்சு?"

சுரேகா போனை மறுபடி கவிழ்த்து வைத்தார்.

பரந்தாமன் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். நீக்கம் ரத்து என்றார், நாளையே வகுப்புக்கு வரலாம் என்றார். சுரேகாமீது நடவடிக்கை உண்டு என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லூரியின் பெயர் இருக்கிறது, இந்த அறையில் நடந்தது இந்த அறையோடு இருக்கட்டும் என்று குரலைத் தாழ்த்தினார். அப்படி எழுதி ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதுமாம்.

இருதயராஜ் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பதில் அவனுக்குத் தெரியும்.

"போட மாட்டேன் சார்" என்றாள் எழிலரசி. "என்னைத் துரோகின்னு ரூமுக்குள்ளயா சொன்னீங்க? போர்டுல ஒட்டுனீங்க. மூவாயிரம் பேர் படிச்சாங்க. எழிலரசி பண்ணலன்னு அதே போர்டுல, அதே சைஸ் எழுத்துல ஒட்டுங்க. ஒளிஞ்சிருந்து படிச்சாங்கன்னும் எழுதுங்க, மத்த வட்டத்துல இருக்கிற பசங்களுக்குத் தெரியணும். ஒட்டுற வரைக்கும் நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

மங்களம் கைப்பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். எங்களுக்கும் அவசரமில்லை என்றார்.

நாலே முக்காலுக்கு அறிவிப்பு ஒட்டியாயிற்று. முதல்வரின் கையெழுத்தோடு, பெரிய எழுத்தில். எழிலரசி கிட்டே போய் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு வரியில் 'தவறுதலாக' என்று இருந்ததை அடித்து, 'விசாரிக்காமல்' என்று மாற்றச் சொன்னாள். மாற்றினார்கள்.

படிக்கட்டில் இறங்கும்போது அவள் போன் அடித்தது. அகல்யா. எழிலரசி காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. ஆப் பட்டியலில் தலைவர் இடத்தில் சுரேகா மேடம் பெயரைப் பார்த்துவிட்டாளாம். அப்புறம், புது வட்டம் எப்போது தொடங்குவாய் என்று அகல்யா கேட்டாள்.

"இனிமே ஆப் வேணாம்டி. நாளைக்குக் காலைல ஏழு ஐம்பது வண்டி, லேடீஸ் பெட்டி. நேர்ல உட்கார்ந்து பேசலாம். வருவியா?"

அந்தப் பக்கம் பின்னால் ஓர் ஆண்குரல், எங்கே, யாரோடு என்று கேட்டது. அகல்யா போனை மூடிக்கொள்ளவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"காலேஜுக்குப்பா. எழிலரசிகூடப் போறேன்."